ஜெயசீலியின் குரலுக்கு ஊர் இறங்கிய கதை

தேரிக்குளம் என்கிற ஊர் தன் சத்தத்தை முதன்முதலாகக் குறைத்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், எல்லா வீட்டு அடுப்பிலும் குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில். அதற்குக் காரணமான ஜெயசீலி அப்போது தன் வீட்டுப் படுக்கையறையில், விரியத் திறந்து வைத்த பீரோவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, தொங்குகிற சேலைகளுக்கு நடுவே மைக்கைப் பிடித்தபடி "வெங்காயம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு சொல்லைக் காலையிலிருந்து எத்தனை தடவை சொன்னாள் என்பது அவளுக்கும் தெரியாது, பீரோவுக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் திரையில் குரலின் அளவைக் காட்டுகிற பச்சைக் கோடு, அவள் சொல்லும்போதெல்லாம் ஒரு மயிரிழை எழும்பி, சோம்பேறிப் பூனையைப் போல மறுபடி படுத்துக்கொண்டது.

ஜெயசீலியின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கரகரப்போ நடுக்கமோ இல்லாத, தெளிந்த குரல்தான் அது, பக்கத்தில் இருந்து கேட்டால் எந்தக் குறையும் சொல்ல முடியாது, ஆனால் பக்கத்தில் இருந்து கேட்க யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் டீச்சர்" என்று சொன்ன பிறகும் வராதவளாகவே கணக்கில் போனாள், ரேஷன் கடையில் பெயரைச் சொன்னால் அவளுக்குப் பின்னால் நிற்கிறவளின் சீனி எடை போடப்பட்டது, கோயில் பாடகர் குழுவில் அவளைக் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அவளுக்கும் ஆசீருக்கும் கல்யாணம் நடந்தபோது, குருவானவர் "சம்மதமா" என்று கேட்க, இவள் "சம்மதம்" என்று சொல்ல, அவர் காதில் விழாமல் மறுபடி கேட்க, இவள் மறுபடி சொல்ல, பந்திக்கு நேரமாகிறதே என்று பொறுமையிழந்த அவளுடைய அத்தை முன்வரிசையிலிருந்து "சம்மதம் சாமி, சம்மதம்" என்று கோயில் அதிரக் கத்திவிட்டாள். ஆகவே முறைப்படி பார்த்தால் ஆசீரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தது அத்தைதான் என்று ஜெயசீலி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதுவும் ஆசீர் காதில் பாதிதான் விழுகிறது. சத்தமாச் சொல்லு, சத்தமாச் சொல்லு என்று நாற்பது வயதுக்கு மேலும் ஒருத்தியிடம் ஊரே சொல்லிக்கொண்டிருந்தால் அவளுக்கு எப்படி இருக்கும். ஜெயசீலிக்குக் கோபம் வந்தது, வெளியே தெரியாத, ஆறாத கோபம்.

கம்ப்யூட்டர் அவர்களுடைய மகளின் படிப்புக்காக வாங்கியது. மகள் நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போன பிறகு, ஜெயசீலி பின்னிய வெள்ளை நூல் உறையைப் போர்த்திக்கொண்டு அது மேசையில் சும்மா இருந்தது. அந்தச் சமயத்தில்தான், பஸ் ஸ்டாண்டு முன்னால் இருக்கிற மார்க்கெட்டில் தள்ளுவண்டி வைத்து வெங்காயம் விற்கிற இசக்கியம்மாளுக்குத் தொண்டை போயிற்று. கல்யாணமான வருஷத்திலிருந்து தெருத்தெருவாக வெங்காயம் வெங்காயம் என்று கத்தியதில் உள்ளே புண் வந்து, பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லா வியாபாரிகளும் செய்கிறபடி, குரலைப் பதிந்து பென் டிரைவில் போட்டு, வண்டியில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஓடவிடலாம்தான். ஆனால் அப்படிப் பதிந்து தருகிற பஸ் ஸ்டாண்டு மாடி ஸ்டூடியோக்காரர் ஆம்பிளை, அவருடைய குரலும் தேர்தல் மேடைக் குரல். அந்தக் குரல் என் வண்டியில இருந்து வந்தா எவ நம்பி வாங்குவா என்று இசக்கியம்மாள் சைகையாலும் காற்றாலும் கேட்டாள். கம்ப்யூட்டர் இருக்கிற ஒரே பெண் என்பதால் ஜெயசீலியிடம் வந்தாள், ஊரில் யாரும் கேட்காத குரலைத் தேடி வந்த முதல் ஆள் அவள்தான்.

ஜெயசீலிக்கு அது பெரிய விஷயம். தன் குரல் ஒரு வண்டியில் ஏறித் தெருத்தெருவாகப் போகும், அதைக் கேட்டு ஆட்கள் கதவைத் திறந்துகொண்டு வருவார்கள் என்பதை நினைத்தபோது அடுக்களையில் தனியாக நின்று சிரித்தாள். ஆனால் கம்ப்யூட்டருக்கு அவள் குரல் கேட்கவில்லை. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, பதியும்போது அளவுக் கோடு பச்சையையும் மஞ்சளையும் தாண்டிச் சிவப்பில் முட்ட வேண்டும், குரல் கிழிய வேண்டும், கிழிந்தால்தான் தெருவில் எடுபடும் என்பார்கள். தேரிக்குளத்தில் விற்கிற உப்பும் கீரையும் இடியாப்பமும் இப்படிக் கிழிந்த குரலில்தான் விற்றன. ஜெயசீலியின் கோடோ பச்சையின் அடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தது. பதிந்ததைத் திரும்ப ஓடவிட்டால், பின்னால் பக்கத்து வீட்டு மிக்ஸியும், மினி பஸ் ஹாரனும், எங்கேயோ ஒரு சேவலும் வெங்காயம் விற்றன, அவள் விற்கவில்லை.

மினி பஸ் ஓட்டுகிற ஆசீர் ஊர் ஊராகப் போகிறவன் என்பதால் எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருப்பான். மைக்கை மாற்றினார்கள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் ரோஸ் நிற வளையம் போட்ட ஓட்டையில் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார்கள். மைக் சக்தியைக் கூட்டுகிற கட்டத்தில் டிக் போட்டார்கள், அதில் அவள் குரல் கூடவில்லை, எண்ணெய்ச் சட்டி காய்வது மாதிரி ஒரு இரைச்சல்தான் கூடியது. சுவிட்சில் எர்த் இல்லாததால் அடியில் ஒரு ரீங்காரம் ஓடியது, கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு கையால் தொட்டுக்கொண்டு பேசினால் அது நின்றது, ஆகவே ஒரு கை பெட்டியில், ஒரு கை மைக்கில் என்று அவள் பேசினாள். ஃபேனை அணைத்தார்கள், சன்னலுக்குப் போர்வை கட்டினார்கள், கடைசியில் சேலைகள் எதிரொலியைக் குடிக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டுப் பீரோவைத் திறந்து வைத்தார்கள். பக்கத்து வீட்டு அன்னபுஷ்பத்திடம் போய்க் கொஞ்ச நேரம் மிக்ஸியை நிறுத்தச் சொல்லி ஜெயசீலி கேட்டாள், அன்னபுஷ்பம் மிக்ஸியை ஓடவிட்டபடியே, "என்னது, கேக்கல, சத்தமாச் சொல்லுங்க மதினி" என்றாள்.

அங்கேயிருந்து திரும்பி வந்துதான் ஜெயசீலி அதைச் செய்தாள். திரையில் மைக்கின் அளவைக் கூட்டிக் குறைக்கிற கோடு ஒன்றும் அதில் நகர்கிற குமிழ் ஒன்றும் உண்டு, கூட்டினால் நூறு வரைக்கும் போய் நின்றுவிடும். அவள் மௌஸை அழுத்திக் குமிழைப் பிடித்து நூறுக்குக் கொண்டுபோனாள், கையை எடுக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். குமிழ் நூறைத் தாண்டியது. கோட்டைவிட்டு இறங்கி, கட்டத்துக்கு வெளியே வந்து, திரையில் இருந்த மகளின் போட்டோவுக்கு மேலே ஊர்ந்து, மூலையில் மணி காட்டுகிற இடத்தைக் கடந்து, திரையின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. ஜெயசீலி அதை நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பீரோவுக்குள் தலையைவிட்டு "வெங்காயம்" என்றாள்.

அவள் குரல் ஏறவில்லை, அதே குரல்தான், அதே உயரம்தான். ஊர்தான் இறங்கியது. முதலில் அன்னபுஷ்பத்தின் மிக்ஸி சத்தமில்லாமல் சுற்றியது, கெட்டுப்போயிற்று என்று அவள் மூடியைத் திறந்து பார்க்க, தேங்காய்ச் சட்னி அவள் முகத்திலும் காலண்டரிலும் அடித்தது. பிறகு வரிசையாகக் குக்கர்கள் ஆவியை மட்டும் ஊதின, மினி பஸ் ஹாரன் பஞ்சு பொதிந்ததாகி அடங்கியது, மர அறுவை மில் தூரத்து ஞாபகம் போல ஆகி அதுவும் நின்றது. எல்லாம் அடங்கிய அந்தத் தரையின் மேல் ஜெயசீலியின் குரல் தான் இருந்த இடத்திலேயே நின்று, "வெங்காயம், நாட்டு வெங்காயம், உரிச்சா கண்ணுல தண்ணி, தாளிச்சா வாயில தண்ணி, பாத்து எடுத்துக்கிடுங்க" என்று சொல்லி முடித்தது. அவள் வாயை மூடியதும் ஊர் விட்ட இடத்திலிருந்து இரைந்தது. பதிவைப் போட்டுக் கேட்டாள், அவள் மட்டும் இருந்தாள். அன்றைக்கு மத்தியானம் அவள் சோற்றைத் தட்டில் போட்டு நிதானமாக, மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் இசக்கியம்மாளின் வண்டி கிளம்பியபோது, அது போகிற தெருவெல்லாம் சத்தம் இறங்கிக்கொடுத்தது. வண்டி வருகிறது என்பது சத்தத்தால் தெரியவில்லை, சத்தம் போவதால் தெரிந்தது. டி.வி. நாடகத்தில் அழுகிறவள் வாயைத் திறந்தபடி ஊமையாவாள், உடனே பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள், அவரவர் காதுக்குள் அவரவரிடம் மட்டும் சொல்கிற மாதிரி அந்தக் குரல் நாட்டு வெங்காயம் என்று சொல்லும். வண்டி தெருமுனை திரும்பியதும் அழுகை தொடரும். இசக்கியம்மாள் பத்து மணிக்குள் வண்டியைக் காலிசெய்துவிட்டு வேப்பமரத்தடியில் காலை நீட்டினாள்.

அப்புறம் என்ன, மார்க்கெட்டே ஜெயசீலி வீட்டு வாசலில் வந்து நின்றது. உப்பு விற்கிறவர், கருவாட்டுக்காரி, பழைய இரும்புக்காரர், இடியாப்பக்காரர் என்று ஒவ்வொருவராகப் பழைய கிழிந்த குரலைத் தூக்கிப்போட்டுவிட்டு இவள் குரலைக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஊருக்கு இது எதனால் என்று பெரிதாக விசாரிக்கத் தோன்றவில்லை, வந்துவிட்டதை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் எல்லோருக்கும் விசாரமாக இருந்தது. மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்து, எர்த் போடச் சொல்லிவிட்டு, இடியாப்பம் வாங்கிக்கொண்டு போனார். அம்மன் கோயில் பூசாரி, மணி அடிக்கும்போது வண்டி வந்தால் அம்மனுக்குக் கேட்காமல் போகிறது என்று வருத்தப்பட்டார், பூசை நேரத்தில் அந்தத் தெருவுக்கு வண்டி போகாது என்று ஜெயசீலி வாக்குக் கொடுத்தாள். பள்ளிவாசலுக்கும் அப்படியே. குருவானவரும் கேட்டுக்கொண்டார், ஆனால் சபையில் சில பேர் தனியாக வந்து, பிரசங்க நேரத்துக்கு மட்டும் கருவாட்டு வண்டியை அந்தப் பக்கம் அனுப்ப முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கைக்குழந்தைக்காரிகள் தொட்டிலை ஆட்டாமல் உப்பு வண்டிக்காகக் காத்திருந்தார்கள். தெருநாய்கள் குரைத்துப் பார்த்து, சத்தம் வராததைக் கண்டு வெட்கப்பட்டுத் திரும்பிப் படுத்தன. புருஷன் பெண்டாட்டிச் சண்டையை வண்டி வருகிற நேரத்துக்குத் தள்ளிவைக்கிற பழக்கம் ஏற்பட்டது, சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லித் தீர்த்த மாதிரியும் ஆயிற்று, கேட்டுப் புண்பட்ட மாதிரியும் ஆகவில்லை. தபால் ஆபீஸ் தெருவில் ஒருநாள் எல்லாச் சத்தமும் இறங்கியபோது, இதற்கு மேல் இறங்க இடமில்லாமல் தரைக்கடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, தோண்டிப் பார்த்தால் வருஷக்கணக்காக உடைந்து கிடந்த குடிநீர்க் குழாய். ரிட்டையரான ஹெட்மாஸ்டர் தன் முழங்கால் மடங்கும்போது கதவு மாதிரி கிரீச்சிடுவதைக் கேட்டுப் பயந்து தைலம் வாங்கினார். அன்னபுஷ்பம் மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்து, "மதினி, எப்பம் பேசப்போறியன்னு சொல்லுங்க, அதுக்கு முந்தி அரைச்சிருதேன்" என்று தானாகவே சொன்னாள். ஜெயசீலிக்கு அது எல்லாவற்றையும்விட இனித்தது.

பஸ் ஸ்டாண்டு முன்னால் இருந்த மார்க்கெட்டைப் பெயர்த்துவிட்டு அங்கே மூன்று மாடிக் கடைக் கட்டடம் கட்ட வேண்டும் என்று கவுன்சிலர் வெள்ளைத்துரைக்கு ரொம்ப நாளாக ஆசை. தள்ளுவண்டிகளுக்கு ஊருக்கு வெளியே குளத்தங்கரைக்குப் பின்னால், ஆடு மேய்க்கிறவனும் போகாத பொட்டலில் இடம் ஒதுக்கியிருந்தார். அங்கே போனால் வெங்காயத்தை வெங்காயந்தான் வாங்க வேண்டும். ஆனால் மார்க்கெட்டைத் தொடுவதற்கு முன்னால் மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து கூட்டம் போட்டு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டாக வேண்டும். யாரும் குரல் எழுப்பாவிட்டால் தீர்மானம் நிறைவேறிவிடும். போன தடவை, மார்க்கெட்டுப் பெண்களின் கக்கூஸை இடிப்பதற்கு இப்படித்தான் கூட்டம் நடந்தது, ஆட்சேபணை கேட்கிற நேரத்தில் வெள்ளைத்துரை வாசலில் நையாண்டி மேளத்தை அடிக்கவிட்டார், யார் சொன்னதும் மேடைக்குக் கேட்கவில்லை, கக்கூஸ் போய்விட்டது. இந்தத் தடவை மேளம் கூடாது என்று அதிகாரி முன்கூட்டியே சொல்லிவிட்டாராம்.

ஆகவே வெள்ளைத்துரை ஜெயசீலி வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்து, மகளின் படிப்பை விசாரித்து, கூட்டத்தன்றைக்கு ஓடவிட ஒரு பதிவு வேண்டும், அனைவரும் வருக என்கிற மாதிரி எதையாவது பேசினால் போதும், ஆட்சேபணை கேட்கிற நேரம் முழுக்க ஓடுகிற அளவுக்கு நீளமாக இருக்கட்டும் என்றார். புதுக் கட்டடத்தில் ஏ.சி. போட்ட ஸ்டூடியோ ஒன்று அவளுக்கே, பீரோவுக்குள் தலையைவிட்டுக் கஷ்டப்பட வேண்டாம் என்றும் சொன்னார். ஆசீர் கண்ணால் சாடை காட்டினான், பகைத்துக்கொள்ளாதே என்பது அதற்கு அர்த்தம். ஜெயசீலி காப்பித் தம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"என் குரல வெங்காயத்துக்குத் தாரேன், கருவாட்டுக்குத் தாரேன் அண்ணாச்சி. அத விக்கிறவிய வாய அடைக்க மட்டும் தர மாட்டேன்."

வெள்ளைத்துரைக்கு நன்றாகக் கேட்டது. இருந்தாலும் அவர் காதருகே கையை வைத்துக்கொண்டு, "என்னது தங்கச்சி? கேக்கல, கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்று சொல்லிச் சிரித்தார். அவள் வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்துவைத்து, அவர் போகிறவரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் போன பிறகு ஆசீர் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மினி பஸ்ஸைக் கழுவப் போனான்.

அவள் தராவிட்டால் என்ன, தேரிக்குளம் மார்க்கெட்டில் பென் டிரைவ் வெற்றிலை மாதிரி கைமாறிக்கொண்டிருக்கும் சாமான். இசக்கியம்மாளின் வெங்காயப் பதிவைப் பழைய இரும்புக்காரரும், அவரிடமிருந்து இடியாப்பக்காரரும் வாங்கி ஆசைக்கு வைத்திருந்தார்கள். வெள்ளைத்துரையின் ஆள் ஒருவன் ஒரு பார்சல் இடியாப்பம் வாங்குகிற நேரத்தில் அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டுபோனான். ஜெயசீலிக்கு இது தெரியாது.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில், காலையில் நடந்தது. மார்க்கெட்டில் ஒரு வண்டி பாக்கியில்லாமல் படுதா போட்டு மூடிவிட்டு எல்லோரும் வந்திருந்தார்கள். இசக்கியம்மாளுக்கு அப்போது தொண்டைப் புண் ஆறிக் குரல் திரும்பியிருந்தது, மாதக்கணக்காகச் சேர்த்துவைத்த குரலை இன்றைக்குச் செலவழிக்க முன்வரிசையில் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயசீலி வழக்கப்படி கடைசி வரிசையில் இருந்தாள், பக்கத்தில் ஆசீர். மேடையில் மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி தீர்மானத்தை வாசித்து முடித்து, தண்ணீர் குடித்து, "இதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா" என்று கேட்டார். மண்டபமே எழுந்து உண்டு என்று கத்த வாயைத் திறந்தது. வெள்ளைத்துரை மூக்கைச் சொறிவது போலத் தன் ஆளுக்கு விரலைக் காட்டினார்.

மண்டபத்து ஸ்பீக்கரில் ஜெயசீலியின் குரல், "வெங்காயம், நாட்டு வெங்காயம்" என்றது. நூற்றுக்கணக்கான தொண்டைகளின் சத்தம் தரைக்குப் போயிற்று. இசக்கியம்மாள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள், ஒரு பொட்டுச் சத்தமில்லை. கருவாட்டுக்காரி நாற்காலியைத் தூக்கித் தரையில் அடித்தாள், அது மெத்தையில் விழுந்த மாதிரி விழுந்தது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திறந்திருந்த வாய்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். குரல் எழும்ப வேண்டும் என்பதுதான் விதி, வாய் திறந்திருப்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், காத்திருக்க வேண்டிய நேரம் காத்திருந்தார், பேனாவின் மூடியைக் கழற்றினார். உரிச்சா கண்ணுல தண்ணி என்று ஸ்பீக்கர் திரும்பத் திரும்பச் சொன்னது.

ஜெயசீலிக்கு முதலில் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வாழ்நாள் முழுக்க யாரும் கேட்காத குரல், கேட்க ஆரம்பித்ததும் இத்தனை பேர் வாயை அடைக்கவா வந்தது என்று நினைத்தபோது, அந்தக் குரலைத் தொண்டையோடு பிடுங்கி எறிந்துவிடலாம் போல இருந்தது. முன்வரிசையில் இசக்கியம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது இல்லை, சொல்லேன்டி என்பது மட்டுமே இருந்தது. அப்போதுதான் ஜெயசீலிக்குப் புரிந்தது, ஊரில் எல்லாச் சத்தத்தையும் இறக்குகிற இந்தக் குரலால் அவளுடைய குரலை மட்டும் இறக்க முடியாது. அவள் எழுந்து நின்றாள்.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு."

அவள் எப்போதும் பேசுகிற குரல்தான். அது மண்டபத்தின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் ஒரு தடையும் இல்லாமல் போயிற்று. அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார், வெங்காயம் ஆட்சேபிக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அங்க பாக்காதீங்க சார், அது களவாண்டு கொண்டுவந்த குரலு. ஆளு நான் இங்க நிக்கேன், கடைசி வரிசையில. இவிய எல்லாரும் இருக்கு இருக்குன்னுதான் கத்துதாவ, என் குரல போட்டு இவிய குரல அமுக்குதாரு கவுன்சிலரு. குளத்தங்கரைக்குப் பின்னால போனா வெங்காயம் அழுகும், பொழப்பு அழுகும். மார்க்கெட்ட தொடப்படாது. நாங்க போவ மாட்டோம்."

வெள்ளைத்துரை மேடையில் எழுந்து நின்று என்னவோ பேசினார். கை ஆடியது, மீசை ஆடியது, துண்டு தோளிலிருந்து விழுந்தது, சத்தம் வரவில்லை. அவர் தன் ஆளைப் பார்த்து அதை நிறுத்து நிறுத்து என்று கையை வீசினார், அவன் கவுன்சிலர் தன்னைப் பாராட்டுகிறார் என்று எண்ணி மகிழ்ந்து, திருப்பிக் கையை வீசிவிட்டு இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தான். ஓடவிட்டால் ஜெயசீலி ஒருத்தியின் குரல் கேட்கிறது, நிறுத்தினால் அத்தனை பேர் குரலும் கேட்கும். வெள்ளைத்துரை இரண்டையும் ஒரு நொடி யோசித்துப் பார்த்த மாதிரி நின்றார். பிறகு, அந்த ஒருத்தியை அதற்கு மேல் தாங்க முடியாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார்.

மண்டபத்தின் கூரை அன்றைக்கு எப்படித் தங்கியது என்பது கட்டிய கொத்தனாருக்கே வெளிச்சம். அதுவரை கத்தியதும், கத்த நினைத்ததும், கக்கூஸை இடித்த அன்றைக்கு மேளத்தில் கரைந்துபோனதும் சேர்ந்து வந்து விழுந்த மாதிரி சத்தம் வந்தது. மேசையிலிருந்த தம்ளர் தானாக நகர்ந்து விளிம்புக்குப் போயிற்று. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். ஆட்சேபணை இருக்கிறது என்று தாளில் எழுதிவிட்டார், ஆனால் ஆட்சேபணை இன்னது என்றும் எழுத வேண்டுமே, முறையாக எழுந்து பேசியது அந்தக் கடைசி வரிசைப் பெண்தானே என்று அவள் பக்கம் கையைக் காட்டி, "மறுபடி சொல்லுங்கம்மா, சத்தமாச் சொல்லுங்க, ஒண்ணும் கேக்கல" என்று கத்தினார். வெள்ளைத்துரையோ இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, எல்லோரும் தயவுசெய்து அமைதியாக இருங்கள் என்று கூட்டத்தைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அமைதி அப்போது அவர் கைவசம் இல்லை.

கூட்டம் திரும்பி ஜெயசீலியைப் பார்த்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் அடங்கியிருப்பார்கள், அவளுக்காக அடங்கிப் பழகியவர்கள்தான். ஆசீர் அவள் காதில், நான் வேண்டுமானால் கத்திச் சொல்லட்டுமா என்று கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு தனக்கு முன்னால் நின்ற கருவாட்டுக்காரியின் தோளைத் தொட்டு, எப்போதும் பேசுகிற மாதிரி எதையோ சொன்னாள். கருவாட்டுக்காரி அதைத் தனக்கு முன்னால் நின்ற உப்புக்காரரிடம் சொன்னாள், அவர் பழைய இரும்புக்காரரிடம் சொன்னார், அந்தச் சத்தத்துக்குள்ளேயே அந்த வார்த்தை வரிசை வரிசையாக, வாயிலிருந்து காதுக்கும் காதிலிருந்து வாய்க்குமாகக் கைமாறி, ஒரு எழுத்துகூடக் குறையாமல் முன்வரிசைக்கு வந்து சேர்ந்தது. இசக்கியம்மாள் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்று அதை அதிகாரியிடம் சேர்த்தாள்.

"இவியள கத்த வேண்டாம்னு அவ சொல்ல மாட்டாளாம். சத்தமாவும் பேச மாட்டாளாம். ஒங்களுக்குக் கேக்கணும்னா நீங்க எறங்கி வரணுமாம்."

அதிகாரி வெள்ளைத்துரையைப் பார்த்தார், தன் நாற்காலியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேடைப் படியில் இறங்கினார். ஆட்கள் கத்துவதை நிறுத்தாமலேயே ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் நாற்காலிகளுக்கு நடுவில் இடித்துப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசை வரைக்கும் நடந்து வந்து, ஜெயசீலிக்கு எதிரில் நின்று, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். ஜெயசீலி குரலை ஒரு நூல்கூட உயர்த்தாமல், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.